நான்காம் பாகத்தின் மூன்று பக்கங்கள்

மின்விசிறியின் இறக்கை ஒன்று வளைந்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அது எதிலோ உரசி டக்கென்றது. ராக்கியப்பன் எண்ணவில்லை, ஆனால் காது எண்ணிக்கொண்டிருந்தது. சிங்காநல்லூர் கிளை நூலகத்தின் நீள மேசையில் அவரைத் தவிர ஒருவருமில்லை. நூலகர் ஜெமிலா சாப்பிடப் போயிருக்கிறாள், அரை மணியில் வந்துவிடுவாள், உட்காருங்க என்று கூட்டுகிற பெண் சொல்லிவிட்டு வாசல் நிழலுக்குப் போய்விட்டாள். அரை மணி. எழுபத்து நான்கு வயதில் அரை மணி ஒன்றும் பெரிதில்லை, கோவை மத்தியச் சிறையில் நாற்பத்தோரு நாள் உட்கார்ந்திருந்தவர், மில் வாசலில் கதவடைப்பின்போது பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தவர். துணிப்பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தைப் பாதி வெளியே இழுத்தார். மேல் அட்டையில் மல்பெரி மரம், அதன் கீழே ஒரு பெண், கூடையோடு, யாரையோ பார்க்காமல் பார்க்கிற மாதிரி. மல்பெரித் தோட்டத்து வீடு, நான்காம் பாகம். ஜப்பான்காரர்களின் படக்கதை, தமிழில் போட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், வேறொருவர் கேட்கிறார் என்று ஜெமிலா இரண்டு தடவை போன் செய்தாள். அம்மா கார்டில் இருக்குதுங்கய்யா, என்றாள். அம்மா கார்டு. மனைவி மயிலாத்தாளுக்கு ஒரு நூலகக் கார்டு இருந்ததென்பதே அந்தப் போனில்தான் அவருக்குத் தெரியும், அவளை எரித்து இருபத்து மூன்று நாள் ஆன பிறகு. புத்தகத்தைக் கொடுப்பது ஒன்றுமில்லை. புத்தகத்துக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கிறது, அதைத்தான் அவர் கொண்டுவந்திருக்கிறார். எந்த நோட்டிலிருந்து வந்ததோ அந்த நோட்டில் அதைத் திரும்ப வைக்க வேண்டும், அதன் கீழே ஒரு வரி எழுத வேண்டும். ஒரே வரி. ஆயிரம் நோட்டீஸ் எழுதிய கைக்கு ஒரு வரி. அந்த வரி என்ன என்பதுதான் வீட்டிலிருந்து பஸ் ஏறினதிலிருந்து வரவில்லை. வந்தது, வந்தபோதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

முன்பெல்லாம் அந்த நோட்டு ஆணியில் சணலில் தொங்கும். வாசகர் கருத்து நோட்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம், பெயர் போட வேண்டியதில்லை. இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. நோட்டு ஜெமிலாவின் மேசை இழுப்பறையில், கேட்டால் எடுத்துத் தருவாள். அது யாரால் ஆனது என்று ஆணிக்குத் தெரியும். டக். போன வருஷம் ஆடியில் இந்தப் படக்கதை ஐந்து பாகமும் வந்து இறங்கியதும் நோட்டு அல்லோலகல்லோலப்பட்டது. ஒன்றுமே நடக்காத கதை, இதற்கு ஐந்து பாகமா, வரிப்பணம் வீண் என்று ஒருவர். தலையை யாரோ கோதிவிட்ட மாதிரி இருந்தது என்று பி.காம். இரண்டாம் ஆண்டு. படம் அழகு, எழுத்து பொடி, கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்று ஓய்வுபெற்ற தபால்காரர். இப்படி ஒரு புருஷன் உலகத்திலேயே கிடையாது, பொய், என்று சிவப்பு மையில் ஒருத்தி. அதற்கு நேர் கீழே நீல மையில், எங்க அப்பா இப்படித்தான். அதற்குக் கீழே, உங்க அம்மாவைக் கேட்டீங்களா. யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவன் மட்டும் சரியாக எழுதியிருந்தான்: இந்தக் கதை நடக்கிற காலத்தில்தான் அந்த ஊர்ப் பட்டு ஆலைகளில் பெண்பிள்ளைகள் இருமி இருமிச் செத்தார்கள், இதிலோ எல்லோரும் மரத்தடியில் தேநீர் குடிக்கிறார்கள். அதைப் படித்தபோது ராக்கியப்பனுக்கு உடம்பு சூடேறியது. பத்து வருஷமாக அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. தொழிற்சங்கத்தில் இப்போதிருக்கிற பயல்களுக்கு அவர் ஒரு மாலை போடுகிற ஆள், மே தினத்தன்று கொடிக்கம்பத்துக்கு ஒரு பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள், மைக்கைக் கொடுக்க மாட்டார்கள். வாசகர் வட்டத்தில் இந்தப் புத்தகத்தை வைத்துப் பேசப்போகிறார்கள், எல்லாக் கருத்தும் வரட்டும் என்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நானும் பேசுறனுங்கம்மா என்று ஜெமிலாவிடம் தானாகப் போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்கு வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

புத்தகம் வீட்டிலேயே கிடந்தது. அதுதான். அதுதான் அவரை விடாமல் பிடித்து இழுக்கிற முள். இதே நான்காம் பாகம் அவர் வீட்டு அலமாரி மேலே, அவளுடைய மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு வாரமாகக் கிடந்தது. யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு, இரண்டே ஆள், ஒருவர் கொண்டுவரவில்லையென்றால் இன்னொருவர்தானே. அந்தக் கணக்கை மனசு போடவே இல்லை. மேசை மேல் தண்ணீர் இருந்தால் குடிக்கிறோம், யார் வைத்தது என்று கேட்கிறோமா, அப்படி எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்தார். முதல் மூன்று பாகத்தையும் படித்துவிட்டுப் பேச வேண்டும் என்று தோன்றவில்லை. நிர்வாகத்தின் நோட்டீஸைப் பார்த்ததுமே அதன் அடி தெரிந்துவிடும் அவருக்கு, மூன்றாம் வரி வரை போக வேண்டியதில்லை. படிப்பு அப்படி வந்தது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதியெல்லாம் எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், பத்துப் பைசா, நாலணாப் பிரசுரங்கள். ஸ்பின்னிங்கில் இரவு ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சாக வந்து விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவை. உபரி, சுரண்டல், முரண் என்ற சொற்களைத் தோசை, சட்னிக்கு முன்னால் எழுதக் கற்றுக்கொண்டவர் அவர். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. பட்டப்படிப்புக்காரன் பத்து வருஷத்தில் தெரிந்துகொள்வதைப் பத்துப் பைசாவில் தெரிந்துகொண்டோம் என்று மேடையில் சொல்லுவார், கூட்டம் கை தட்டும். அந்தப் பிரசுரங்களை மடித்தவள் அவள். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, கால் வீங்கியிருக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆயிரம், இரண்டாயிரம் என்று மடிப்பாள். நகத்தால் ஒரு இழுப்பு, மடிப்பு கத்தி மாதிரி விழும். அதை அவள் படித்தாளா? அவர் கேட்டதில்லை. டக். நாற்பத்தாறு வருஷத்தில் கேட்டதில்லை. மடித்தவளுக்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தெரியாமலா போகும், கேட்டிருக்கலாம், எது பிடித்தது, எது புரியலை, எது பொய் என்று கேட்டிருக்கலாம், ஒரு நாள், ஒரே ஒரு நாள்.

வட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பாதி கல்லூரிப் பிள்ளைகள். கடைசி வரிசையில் ஓரத்தில், காப்பிக்கலர்ச் சேலையில், மயிலாத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, வந்திருந்தாள். பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். எத்தனை வருஷத்துக்கு முன்னால் அவர் பேச்சைக் கேட்க இப்படி வந்து உட்கார்ந்தாள், மில் கேட் மீட்டிங்கில், ரீலிங் பெண்களோடு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. அவளுக்காகத்தான் அன்றைக்குக் குரலை உயர்த்தினார். இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒரு கூடையைச் சுமந்துகொண்டு அலைகிற பெண், தந்தி ஆபீஸ் புருஷன், இதிலே காதல் எங்கே இருக்குது தோழர்களே என்று தொடங்கினார். பாருங்க, நாளைக்குக் காயும்ங்கறான் அவன், எது காயும்னு நமக்குத் தெரியாது. துணி காயலைங்கறா அவ. அதுக்கு மூணு பக்கம் வாயைத் திறக்கலை அந்த மனுசன், மூணு பக்கம். அப்புறம் மெல்ல, இன்னைக்கு என்ன செஞ்சேங்கறான். கேட்டானே, பதிலையாவது கேட்டானா, நனைஞ்ச செருப்பை மாட்டிக்கிட்டு மழையிலே கிளம்பிட்டான். இதுதான் மென்மையான காதலா? பிள்ளைகள் குலுங்கிச் சிரித்தார்கள். கத்தி இன்னும் மொக்கையாகவில்லை என்று நினைத்தார். ஒரு பெண் கையைத் தூக்கினாள், ஐயா நீங்க வந்து அதை, என்று என்னவோ சொல்ல வந்தாள், ஜெமிலா அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். கடைசி வரிசையில் ஒரு இருமல் கேட்டது. அந்த இருமல் அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் கோன் வைண்டிங் பஞ்சைத் தின்ற நெஞ்சு, மழைக்காலத்தில் விடிகிற வரைக்கும் இருமும்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் இந்நேரம், இந்நேரமும் அவள் செத்துத்தான் இருப்பாள், ஆனால் இந்தத் தாள் முழுசாக இருக்கும். கை தட்டினார்கள், அந்தச் சத்தம் காதுக்குள் போய் எதையோ அவிழ்த்துவிட்டது. பழைய வழக்கம் ஒன்று. கேட் மீட்டிங்கில் நிர்வாகத்தின் நோட்டீஸைக் கையில் எடுப்பார், ஒரு வரி படிப்பார், அதற்கு ஒரு பதில் சொல்லுவார், இன்னொரு வரி, இன்னொரு பதில். கூட்டம் ஒவ்வொரு பதிலுக்கும் கொதிக்கும். கடைசியில் அதை இரண்டாக, நாலாகக் கிழித்துத் தலைக்கு மேலே விசிறுவார். ராக்கியண்ணன் கிழிக்கிறதைப் பார்க்கவே பக்கத்து மில்லிலிருந்து ஆள் வரும். அன்றைக்கு ஆணியிலிருந்து நோட்டை எடுத்தார். கருத்துகள் பலவிதம், பார்த்துடலாம் தோழர்களே, என்றார். தபால்காரருடையதை விட்டுவிட்டார், பி.காமை விட்டுவிட்டார். கடைசியாக இருந்த பக்கம், முக்கால் பக்கம், பெயரில்லை, பொடி எழுத்து. இந்தக் கதையில் சண்டை இல்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், என்று படித்தார். சண்டை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால் இரண்டு தடவை படித்தேன். நிறுத்தினார். சண்டையில்லாத வீடு தெரியாதாமுங்க, சண்டையில்லாத நாடு ஒண்ணு இருந்தாச் சொல்லச் சொல்லுங்க! சிரிப்பு. அந்த மனிதர் வேலையிலிருந்து வந்து நனைந்த செருப்பைக் கழற்றுகிறார். கழற்றுறாராமுங்க! மாட்டுறவனைப் பார்த்துக் கழற்றுறான்னு எழுதற அளவுக்கு மயக்கம்! சிரிப்பு, இந்தத் தடவை கூரை வரைக்கும். இன்றைக்கு என்ன செய்தாய் என்று மனைவியைக் கேட்கிறார், அவள் பதில் சொல்ல மூன்று பக்கம் ஆகிறது, அவர் காத்திருக்கிறார். எனக்கு அந்த மூன்று பக்கம் பிடித்திருக்கிறது. என்னை யாராவது கேட்டால் எனக்கும் மூன்று பக்கம் ஆகும். இதை எழுதினவங்க யாரோ தெரியலை தோழர்களே, என்றார் அவர். பொழுது போகாத கை இது. இந்தக் கையிலே ஒரு நாளாவது பஞ்சு ஒட்டியிருக்குமா? ஒட்டியிருந்தா, என்ன செஞ்சேன்னு ஒருத்தன் வந்து கேக்கறதுக்காக ஏங்கிக்கிட்டு உக்காந்திருக்குமா? பிடித்து இழுத்தார், தையலிலிருந்து தாள் வந்துவிட்டது. இரண்டு. நாலு. விசிறினார். இரண்டு மூன்று பேர்தான் கை தட்டினார்கள். ஜெமிலா எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் கோபமில்லை, வேறு எதுவோ, அவர் அதைப் பார்க்காமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

இங்கேதான் மனசு வந்து நிற்கிறது, பஸ்ஸில் நின்றது, நேற்று நின்றது, அவள் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து இங்கேதான் நிற்கிறது. கல்லில் இடித்த மாட்டுவண்டி மாதிரி பின்னால் போய், முன்னால் வந்து, திரும்ப இங்கேயே. மயிலாத்தாள் முற்றுப்புள்ளி வைக்க மாட்டாள். சின்ன வட்டம் போடுவாள், கடுகு அளவு. அவர் சிறையில் இருந்தபோது மூன்று தபால் கார்டு எழுதினாள். அழுகாச்சியா எதும் எழுதாதே, வார்டர் படிப்பான் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ஒவ்வொரு கார்டிலும் இரண்டே வரி. நலம் வட்டம். அரிசி இருக்கிறது வட்டம். பிறகு முப்பது வருஷம் சங்கப் பத்திரிகைக்கு முகவரி எழுதியது அதே கைதான். ஊர்ப் பெயருக்குப் பிறகு ஒரு வட்டம், அஞ்சல் குறியீட்டுக்குப் பிறகு ஒரு வட்டம், கட்டுக்கட்டாக அவர்தான் தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பக்கத்திலும் வட்டம் இருந்தது. எழுதியிருக்கிறார்கள் வட்டம். படித்தேன் வட்டம். மூன்றாவது வரியில் கண் ஒரு தடவை தட்டியது, தட்டியது உண்மை, எதிலோ கால் இடறுகிற மாதிரி. அப்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்? டக். அப்புறம் அடுத்த வரி. கண்ணுக்குத் தெரிந்தது மனசுக்குப் போய்ச் சேருவதற்குள் வாய் முந்திக்கொண்டது, மேடையில் அது நடக்கும், எல்லோருக்கும் நடக்கும். வயசாச்சு, வெளிச்சம் போதாது, பொடி எழுத்து, தபால்காரரே தெரியலைன்னுதானே எழுதினார். நிர்வாகத்தின் வக்கீல் லேபர் கோர்ட்டில் இப்படித்தான் பேசுவான். தொழிலாளிக்குக் காயம்பட்டது உண்மைதான், ஆனால் இயந்திரத்துக்குத் தெரியாது, மேஸ்திரிக்குத் தெரியாது, நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைக் கேட்டுக்கேட்டுக் காறித் துப்பியவர் இப்போது அதே வக்கீலைத் தன் மண்டைக்குள் உட்கார வைத்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் பேக்கரியில் டீ குடித்து, இரண்டு பேரிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போனபோது அவள் இன்னும் வரவில்லை. அரை மணி கழித்து வந்தாள். எங்கே போனே? லைப்ரரியில ஒரு வேலைங்க. என்ன வேலை என்று கேட்டாரா? ரேடியோவைத் திருப்பினார். பேச்சு எப்படி இருந்துச்சு என்று கேட்டார், அதைக் கேட்டார், அதை மட்டும் மறக்கவில்லை. அவள் அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நல்லா இருந்துச்சுங்க, என்றாள். கொஞ்சம் பொறுத்து, திரும்பாமலே, அந்தப் பொஸ்தகத்தை வலப்பக்கமிருந்து படிக்கோணுங்க, அவுங்க ஊர்ல அப்படித்தான், என்றாள். அவருக்கு ஒரு கணம் காது அடைத்தது. பிள்ளைகளின் சிரிப்பு திரும்பக் கேட்டது, இந்தத் தடவை வேறு மாதிரி. எந்தப் பக்கமிருந்து படிச்சாலும் குப்பை குப்பைதான், என்றார். அவள் சரிங்க என்றாள். பாலை இறக்கினாள். அதற்குப் பிறகு ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் அவள் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, முகம் திருப்பவில்லை, சோறு தாமதமாகவில்லை. இருமல் கூடியது. மாசியில் ஒரு காலை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். முறத்தில் பாதி புடைத்த உளுந்து. மீதியை அவர்தான் புடைத்தார், எப்படிப் புடைப்பது என்று தெரியாமல் வாசலெல்லாம் கொட்டி.

ஜெமிலா போனில் சொன்ன பிறகு அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தார். சேலைகளுக்கடியில் இந்தப் புத்தகம், இதற்குள் அந்தத் தாள். நாலு துண்டும் சேர்த்து ஒட்டியிருந்தது. ஒட்டின கோட்டில் லேசான நீலம். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. போஸ்டருக்கு அப்படித்தான் காய்ச்சுவாள், பூச்சி அரிக்காது, மழைக்குப் பெயராது, ஊர் பூராவும் அவர் பெயரைச் சுவரில் ஒட்டிய பசை. போஸ்டர் ஒட்டி எத்தனை காலம் ஆயிற்று, மயில்துத்தத்தை எங்கே தேடிப்பிடித்தாள், எந்தக் கடையில் என்ன சொல்லிக் கேட்டாள். ஒரு தாளுக்கு, நாலு துண்டுக்கு, ஒரு கரண்டி மைதா, அவர் எங்கேயோ வெளியே போயிருந்த ஒரு மத்தியானம். புதிதாக ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், திட்டியாவது நாலு வார்த்தை இருக்கும் என்று பார்த்தார். வெறும் தாள். அம்மா நாலாம் பாகத்தை மட்டும் திருப்பித் திருப்பி எடுப்பாங்கய்யா, ஆறு தடவை, என்று ஜெமிலா போனில் சொன்னாள்.

கடிகாரம் மூன்றரை. அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பழக்கத்தில் இடப்பக்கம் திறந்தார். பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: நிறுத்துங்கள், இது கடைசிப் பக்கம், புத்தகத்தைத் திருப்பி வலப்புறத்திலிருந்து தொடங்குங்கள். கட்டம் கட்டிய நோட்டீஸ். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் எழுதி, படியுங்கள் படியுங்கள் என்று பஸ் ஜன்னலுக்குள் திணித்த மனிதன், தனக்கு முன்னால் நீட்டியதைத் தாண்டிப் போயிருக்கிறான். திருப்பினார். வலமிருந்து. கண் இடதுக்கு ஓடுகிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, ரிவர்சில் வண்டி ஓட்டுகிற மாதிரி. எண்பத்தெட்டாம் பக்கம். மழை. அவன் வருகிறான், வாசல்படியில் உட்கார்ந்து நனைந்த செருப்பைக் கழற்றுகிறான். கழற்றுகிறான். இன்றைக்கு என்ன செய்தாய், என்கிறான். பக்கத்தைத் திருப்பினார். வார்த்தையே இல்லை. அவள் கை, விரல் நுனியில் இலைக் கறை. கொடியில் ஈரத் துணி. அடுத்த பக்கம், ஓட்டு நுனியில் தொங்குகிற சொட்டு, அவன் முகம், பார்த்துக்கொண்டிருக்கிற முகம், அவசரமில்லாத முகம், அப்படி ஒரு முகத்தை அவர் எந்த ஆண்பிள்ளையிடமும் பார்த்ததில்லை, கண்ணாடியிலும் பார்த்ததில்லை. மூன்றாவது பக்கம், அவள் வாய் திறக்கப் போகிறது, திறக்கவில்லை, சொட்டு விழுகிறது. பிறகுதான், துணி காயவில்லை. அவன், நாளைக்குக் காயும். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காத கதை என்று எழுதியவர் சொன்னது சரிதான். இன்னொரு தடவை படித்தார். பிறகு, அன்றைக்கு மொட்டைமாடியில் படித்த மாதிரி, மறுபடியும் இடமிருந்து படித்துப் பார்த்தார். துணி காயலை என்கிறாள், மூன்று பக்கம் அவன் பேசவில்லை, கடைசியில் பேருக்கு ஒரு கேள்வி, செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் போய்விடுகிறான். இந்தக் கதையும் அவருக்குத் தெரியும். இதில் வருகிற வீட்டில்தான் நாற்பத்தாறு வருஷம் குடியிருந்தார். ஏனுங்க, துணி காயலீங்க. நோட்டீஸ் எழுதிக்கொண்டிருப்பார். ஏனுங்க, மழை விடற மாதிரி இல்லீங்க. ம். பேனாவை மூடிவிட்டு, என்ன சொன்னே, என்பார், வாசலில் தோழர்கள் சைக்கிள் மணி அடிப்பார்கள், அவள் பதிலுக்கு வாய் திறப்பதற்குள் செருப்பு காலில் இருக்கும். மழையில் போவார். ஊருக்காகப் போனார், பொய் இல்லை, ஆயிரத்து இருநூறு குடும்பத்துக்குக் கிராஜுவிட்டி வாங்கித் தந்தது அந்தச் செருப்புதான், அதை ஒருவனும் மறுக்க முடியாது. ஒருவரும் மறுக்கவில்லையே. யாரிடம் வாதாடுகிறார்? மேசை காலி. அவளும் மறுக்கவில்லை. போறீங்களா, கொடை எடுத்துக்கங்க, என்பாள், அவ்வளவுதான் அவள் மறுத்தது. டக்.

ஜெமிலா வந்தாள். டிபன் பையை மேசைக்கடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். "வாங்கய்யா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா." சாப்பிடவில்லை. தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினார். அவள் வாங்கித் தேதி போட்டாள், மயிலாத்தாளின் கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், என்ன செய்வதென்று தெரியாத மாதிரி கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டு வேணும்மா," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "எந்த நோட்டுங்கய்யா?" என்றாள், தெரிந்துகொண்டே. அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுப்பது மாதிரி நேரம் கடத்தி, ஒட்டின தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தார். நீலக்கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. ஜெமிலா அதைத் தொடவில்லை. "அன்னைக்கு எல்லாரும் போனதுக்கப்புறம் பெஞ்சுக்கடியில குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்தாங்க. நான் எடுத்துத் தர்றேம்மான்னேன். வேண்டாஞ்சாமி, இது என்ர வேலைன்னாங்க." கையிலிருந்த கார்டை அவள் மேசைமேல் வைத்தாள். "எழுதினது யாருன்னு எனக்கு அப்பவே தெரியுங்கய்யா. உங்ககிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். அவருக்குத் தெரியுங்கண்ணுன்னு சொன்னாங்க."

மின்விசிறி ஒரு சுற்று சத்தமில்லாமல் போயிற்று, அல்லது அவருக்குக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். சொல்லியிருக்கிறாள். கடைசி வரிசையிலிருந்து அவர் கண் இடறினதைப் பார்த்திருக்கிறாள். முப்பது அடி தூரத்திலிருந்து, மேடையில் அவர் வாய் எப்போது எதற்காக வேகமெடுக்கும் என்று அறிந்தவள், மூன்றாவது வரியில் நின்றதையும் நின்ற பிறகு போனதையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் பால் காய்ச்சினாள். ஏழு மாதம் பால் காய்ச்சினாள். மண்டைக்குள் இருந்த வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். அவர் தாளைக் கையில் எடுத்தார். "பசை இருக்குதாம்மா?" என்றார்.

ஜெமிலா பசைக்குப்பியையும் நோட்டையும் எடுத்துத் தந்தாள். கிழிந்த இடத்தில் தையலோரம் ஒரு கோணல் விளிம்பு இன்னும் இருந்தது, அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தாளை அதில் பொருத்தினார். பிசிறுக்குப் பிசிறு சரியாக உட்கார்ந்தது. நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார், அவள் இழுக்கிற மாதிரி வரவில்லை. பேனாவைத் திறந்தார். தோழர்களே, என்று கை எழுதிவிட்டது. அடித்தார். வரலாற்றில், என்று வந்தது. அதையும் அடித்தார். பிறகு குனிந்து, மூச்சு விடாமல், ஒரே ஓட்டமாக எழுதினார்: இதை எழுதியவர் மயிலாத்தாள், கோன் வைண்டிங் பகுதி, இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். கிழித்தவன் ராக்கியப்பன், அவர் கணவன். கை யாருடையது என்று தெரிந்தே கிழித்தேன். எழுதி முடித்து அதைப் படித்தார். நோட்டீஸில் இவ்வளவு சின்ன வாக்கியம் அவர் எழுதியதில்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டு, இன்றைக்கு என்ன செய்தாய், என்று எழுதினார். பேனாவை மூடினார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொன்று. இன்னொன்று. நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

கல்லூரி விட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தி ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டருகே வந்தாள். அன்றைக்குக் கையைத் தூக்கிய பெண் அவள். அவரை அடையாளம் தெரிந்து கொஞ்சம் தயங்கினாள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "தாத்தா, இங்க மூணு பக்கம் காலியா இருக்குதுங்களே, இதுல எழுதட்டுங்களா?"

"அது காலி இல்ல கண்ணு," என்றார் ராக்கியப்பன். "அதுக்கு அடுத்ததுல எழுது."

அவள் அடுத்த பக்கத்தில் எழுதினாள், எழுதிவிட்டுப் போனாள். அவர் எழுந்திருக்கவில்லை. செருப்பை மேசைக்கடியில் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்தார்.